40 குடும்பங்கள், 12 லட்சம் ரூபாய்: ஆடு வாங்கிக் கொடுப்பது சரியா?

1. கோத்தகிரிக் கணக்கர்

வணக்கம். நீலகிரியில் எச்.ஐ.வி. உள்ளோர் குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய அமைப்பில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். வெளியூர் நன்கொடையாளர் ஒருவர் 40 குடும்பங்களுக்கென 12 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். குடும்பத்துக்கு 30,000 ரூபாய்க்கு ஆடு வாங்கிக் கொடுத்து, அதை வட்டியில்லாக் கடனாகப் பதிந்து, 2 ஆண்டுகளில் திரும்பப் பெற்று, அடுத்த 40 குடும்பங்களுக்குச் சுழற்சியில் விட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அமைப்பில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். தவறு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

எங்கள் பேரேடுகளைப் புரட்டினால், குடும்பங்கள் சரிந்த விதம் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கிறது. முதலில் சீட்டுக் கட்டுவது நிற்கிறது. அடுத்துத் தோடும் செயினும் அடகுக் கடைக்குப் போகின்றன. பிறகு, பறித்த தேயிலைக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் ஏஜென்டிடம் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். வாங்கியவர் அவர் சொல்லும் விலைக்கே இலையைப் போட வேண்டியிருப்பதால், தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலை அவருக்கு வெறும் செய்தியாகிவிடுகிறது. அதன்பின் கறவை மாடு விற்பனைக்குப் போகிறது. கடைசியில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இவற்றில் சீட்டும் நகையும் மீண்டு வரக்கூடியவை. மாடும் படிப்பும் போனால் போனவைதாம்.

இன்னொன்று, சிகிச்சைக்குப் போகும் நாள். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட 8 மையங்களில் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைக் கட்டணமின்றிக் கொடுக்கத் தொடங்கியது முதல் மாத்திரைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் அதை வாங்கி வரும் நாளுக்குக் காசு உண்டு. காலையில் கிளம்பி, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, மாலையில் வீடு திரும்புபவருக்கு அன்றைய கூலி இல்லை. கணவன், மனைவி, குழந்தை மூவரும் மருந்து எடுத்தால், மூவருக்கும் ஒரே தேதி வாய்க்காதபோது அது மாதத்தில் 3 நாளாகிவிடும். இந்த ஓட்டைகளை அடைக்காமல் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டினால், அடுத்த அவசரத்துக்கு அந்த ஆடுதான் விற்கப்படும். கடன் மட்டும் எங்கள் பேரேட்டில் நிற்கும் என்று அஞ்சுகிறேன்.

2. மன்னவனூர்ப் பூண்டுக்காரர்

ஐயா, நான் பழனி மலைத் தொடரில், கொடைக்கானல் மேல்மலைப் பகுதிக்காரன். நீங்கள் எழுதிய வரிசையில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் உறவில் ஒரு குடும்பத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நோய் இன்னதென்று தெரிந்தபிறகு அவர்களுக்குச் செலவு பெரிதாக இல்லை. தெரிவதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டில்தான் எல்லாம் போயிற்று. காய்ச்சல் என்று ஓரிடம், வயிற்றுப்போக்கு என்று ஓரிடம், எடை குறைகிறது என்று கீழே சமவெளியில் தனியார் மருத்துவமனை ஒன்று, நடுவில் மந்திரிப்பு வேறு. அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் காசில்லாமல் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனையை அந்த ஒன்றரை ஆண்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தச் செலவுக்கு அவர்கள் விற்றது விதைப்பூண்டு. வெளியாருக்கு இதன் பொருள் விளங்காமல் போகலாம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எங்கள் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மே வாக்கிலும் நவம்பர் வாக்கிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை நடவு செய்வோம். அறுவடையில் நல்ல பூண்டைப் பிரித்துத் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவோம். அதுதான் அடுத்த நடவுக்கு விதை. பரணைப் பார்த்தே ஒரு வீட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம். பரண் காலியானால் விதையை வடுகபட்டிப் பூண்டுச் சந்தை வியாபாரியிடமோ அவருடைய ஆளிடமோ கடனாக வாங்க வேண்டும். விளைந்ததை அவருக்கே போட வேண்டும். எடையும் விலையும் அவர் சொன்னபடி. நீங்கள் சொன்ன கொழுந்து அட்வான்ஸும் இதுவும் ஒன்றே.

ஆகையால் ஆட்டுக்குப் பதில், அந்தந்தக் குடும்பத்திடமிருந்து போன பொருளையே திருப்பிக் கொடுங்கள் என்பேன். தெரிந்த தொழிலில் இறங்கியவனுக்கு விதை கொடுத்தால் போதும். ஆடு மேய்த்தறியாதவன் கையில் ஆட்டைக் கொடுத்தால், அவனுக்கும் துன்பம், ஆட்டுக்கும் துன்பம்.

3. நாலாம் லைன்

நான் கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எனக்கும் எச்.ஐ.வி. உண்டு, 9 ஆண்டுகளாக மருந்து எடுத்து நலமாக இருக்கிறேன். இங்கே பேசுகிறவர்களில் ஒருவராவது அந்தக் குடும்பத்துக்குள் இருப்பவராக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் 2016-இல் இறந்தார். அவர் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. கடைசி 7 மாதம் வேலைக்குப் போகவில்லை என்றாலும், தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தது. தோட்டம் கொடுத்த லைன் வீடு அவர் பெயரில் இருந்தது. காரியம் முடிந்த சில நாளிலேயே வீட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம் வெளியே தெரிவதற்கு முன் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான். அவருடைய பி.எஃப். பணத்தையும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) கேட்டு எழுதிக் கொடுக்கவே இல்லை. காரணம் ஒன்றே ஒன்று: இறப்புச் சான்றிதழை அலுவலகத்தில் நீட்டினால் என்ன நோயில் இறந்தார் என்று அதில் எழுதியிருக்கும், மேஸ்திரி படிப்பார், மறுநாள் கொழுந்து எடுக்கும் இடத்தில் எல்லோரும் படிப்பார்கள் என்று நம்பினேன்.

11 மாதம் கழித்து ஓர் ஆற்றுப்படுத்துநர் அம்மாதான் அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்றார். உண்மையில் எழுதியிருக்கவில்லை. சட்டமே அப்படித்தானாம். 11 மாதம் நான் பயந்தது இல்லாத ஒரு வரிக்கு.

அதன்பிறகு விண்ணப்பித்து, அலைந்து, பி.எஃப். வந்தது. மாதம் 1,000 ரூபாய் விதவை ஓய்வூதியமும், பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 250 ரூபாயும் வருகின்றன. பணிக்கொடைக்கு 5 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்று ஒருவர் மிரட்டினார். இறந்துபோனால் அந்தக் கணக்கு வேண்டியதில்லை என்பது பிறகு தெரிந்தது. இடையில் ஒரு தரகர், "நூற்றுக்குப் பத்து கொடு, முடித்துத் தருகிறேன்" என்றதும் நடந்தது. ஐயா, உங்கள் 40 குடும்பங்களில் எத்தனை பேர் இப்படிக் கேட்காமலேயே விட்டிருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

4. கோத்தகிரிக் கணக்கர்

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்தபின் எங்கள் பதிவேட்டை எடுத்து நேற்று முழுவதும் உட்கார்ந்தேன். 40 குடும்பங்களில் 17 வீட்டில் குடும்பத் தலைவர் உயிரோடு இல்லை. இறந்தவர்களில் 9 பேர் தோட்டத் தொழிலாளர்கள். பி.எஃப். உரிமை கோரப்பட்டதா என்ற குறிப்பு ஒருவருக்கும் இல்லை. அதற்கென ஒரு பத்தியே நாங்கள் வைக்கவில்லை. மாத்திரை, சத்துமாவு, பள்ளிக் கட்டணம் என்று பத்தி போட்டவன் நான்தான்.

சான்றிதழைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள இறப்புக் காரணத்தை யாருக்குக் கொடுக்கும் பிரதியிலும் வெளியிடக் கூடாது என்கிறது. படிவங்கள் 3: பி.எஃப். தொகைக்கு 20, ஓய்வூதியத்துக்கு 10டி, பி.எஃப். உறுப்பினருக்கான காப்பீட்டுக்கு 5ஐஎஃப். பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலே குடும்ப ஓய்வூதியம் உண்டு. செக்ரோலில் பெயர் இருந்தது என்று நீங்கள் எழுதினீர்களே, அவர் பணியில் இருக்கும்போதே இறந்தார் என்பதற்கு அதுவே சான்று; காப்பீட்டுத் தொகைக்கு அந்த ஒரு விவரம்தான் உயிர்நாடி. 5ஐஎஃப் கொடுத்தீர்களா?

5. நாலாம் லைன்

காப்பீடு என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது, ஐயா. கொடுத்ததாக நினைவில்லை. பழைய தாள்களைத் தேடிப் பார்க்கிறேன்.

6. குன்னூர்க் குழு அக்கா

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் 15 ஆண்டுகளாக இருக்கிறேன். உரிமைத் தொகைகளை வாங்கித் தருவது நல்லதுதான். அதற்காகச் சேமிப்பையும் கடனையும் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் குழுக்களில் எச்.ஐ.வி. உள்ள சகோதரிகள் இருக்கிறார்கள். யார் என்பது எனக்கு மட்டும் தெரியும்; குழுவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியிடக் கூடாது என்றே சொல்கிறது. மற்றவர்களைப் போல வாரம் 100 ரூபாய் கட்டி, மற்றவர்களைப் போலக் கடன் எடுத்து, மற்றவர்களைப் போலவே தவணைக்குத் திண்டாடுகிறார்கள். அந்தச் சமநிலைதான் அவர்களுக்குப் பெரிய பலம்.

நீங்கள் 40 குடும்பங்களை மட்டும் திரட்டி ஒரே நிறத்தில் 40 வீட்டு வாசலிலும் ஆட்டைக் கட்டினால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் புதிதாக ஒரு கோழிக்கூடு வந்தாலே யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று மூன்று நாள் பேசுவார்கள். அந்த ஆடு நோயின் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மேயும்.

7. உதகை நேயர்

நானும் எச்.ஐ.வி. உள்ளவன், எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு ஒன்றில் செயல்படுகிறேன். அக்காவின் கருத்தை மதித்தே மறுக்கிறேன். ஒளித்து வாழ்வதற்கும் ஒரு செலவு இருக்கிறது. பொதுக் குழுவில் இருக்கும் சகோதரிக்கு நுரையீரல் காசநோய் வந்து 2 மாதம் வேலைக்குப் போக முடியாமல் போனால் என்ன செய்வார்? தவணை தவறியதற்கு உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாது. பொய் சொல்வார், அல்லது வட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவார். எங்களைப் போன்றவர்களே சேர்ந்த குழுவில், "மருந்து மாற்றியிருக்கிறார்கள், 3 வாரம் தலை தூக்க முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டோம். தவணையைத் தள்ளி வைப்போம். பணத்தைத் தவிர வேறு செய்திகளும் அங்கேதான் கைமாறுகின்றன. காசநோய் சிகிச்சையில் இருப்போருக்கான மாத ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் 500-இலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததும், கைம்பெண் ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாயானதும், அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு என்பதும் எங்கள் கூட்டத்தில்தான் பலருக்குத் தெரிய வந்தன.

8. குன்னூர்க் குழு அக்கா

அப்படியானால் கூட்டத்தைத் தனியாக வையுங்கள், பணத்தைப் பொதுக் குழுவில் வையுங்கள். ஒருவர் இரண்டிலும் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. தவணை தள்ளி வைப்பது பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் குழுக்களில் உறுப்பினர் எவரானாலும், எந்த நோயானாலும், மருத்துவச் சீட்டு காட்டாமலேயே ஆண்டுக்கு 2 தவணை தள்ளிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டால் அந்தச் சகோதரி பொய் சொல்ல வேண்டியதில்லை. இதை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.

9. கோத்தகிரிக் கணக்கர்

நன்கொடையாளர் ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவத்தை மேற்கோள் காட்டியிருந்ததால் நானும் சிறிது படித்துப் பார்த்தேன். மேற்குக் கென்யாவில் ஷம்பா மைஷா என்ற திட்டத்தில் எச்.ஐ.வி. உள்ள உழவர்களுக்குக் கடனாக, மின்சாரமின்றி ஆள் இயக்கும் நீர் இறைக்கும் கருவியும் விவசாயப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி அந்த வீடுகளில் உணவுத் தட்டுப்பாடு குறைந்தது. ஆனால் இரத்தத்தில் வைரஸ் அடங்குவதில் மற்ற வீடுகளோடு ஒப்பிடுகையில் வேறுபாடு தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் பெண்களுக்குச் சிறுகடனோடு பாலினம், எச்.ஐ.வி. குறித்த பயிற்சியும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2006-இல் வந்தது. கணவரோ துணைவரோ அடிப்பது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. புதிய தொற்று குறையவில்லை. ஆகக் கடன் ஒன்றைச் சாதிக்கும், இன்னொன்றைச் சாதிக்காது. கென்யாவில் கொடுத்தது உழவனுக்கு அவன் வயலுக்கு வேண்டிய கருவியை என்பதையும் கவனிக்க வேண்டும். மன்னவனூர் ஐயா சொன்ன விதைப்பூண்டுக்கு அது நெருக்கமாக இருக்கிறது.

ஆட்டைக் கைவிட்டால் மொட்டுக் காளான் வளர்க்கலாம் என்று எங்கள் செயலாளர் சொல்கிறார். உதகைக் குளிருக்கு அது நன்றாக வரும் என்பதும் உண்மை. எங்கள் குடும்பங்களின் உடல்நிலைக்கு அது ஏற்றதா என்று செவிலியர் யாராவது கருத்துச் சொல்ல முடியுமா?

10. வெள்ளைப் புறா

நான் பணி ஓய்வு பெற்ற செவிலியர். காளான் கூடாது என்று சொல்ல மாட்டேன். யாருக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். காளான் வளரும் மக்கிய உரத்தைக் கிளறும்போது எழும் தூசியிலும் பூஞ்சை வித்துகளிலும் நாள் முழுக்க மூச்சு விடுவது, எதிர்ப்பாற்றல் இன்னும் ஏறாதவருக்கும் நுரையீரலில் காசநோய்த் தழும்பு உள்ளவருக்கும் ஏற்றதன்று. நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை நன்றாக ஏறி, நிலையாக மருந்து எடுப்பவர் முகக்கவசத்தோடு செய்யலாம். மூடிய கொட்டிலில் கோழி எருவை அள்ளுவதற்கும் இதையே சொல்வேன்.

கணக்கர் ஐயா எழுதிய சிகிச்சை நாள் குறித்து ஒரு வார்த்தை. நிலையாக இருப்பவர்களுக்கு 2 அல்லது 3 மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. கேட்டால் கிடைக்கும்; கேட்கத் தயங்குகிறார்கள். ஒரே வீட்டில் மூவர் மருந்து எடுத்தால் மூவருக்கும் ஒரே தேதி குறித்துத் தரும்படி கேட்பதும் தவறில்லை. பேருந்துச் செலவைப் பொறுத்தவரை, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் வந்துவிட்டதால் பாதிச் சுமை குறைந்திருக்க வேண்டும்.

மருந்தும் மாறியிருக்கிறது. முன்பு இரவில் விழுங்கிய எஃபவிரென்ஸ் மாத்திரை பலருக்கு விடியும்வரை கெட்ட கனவையும் காலையில் தலைச்சுற்றலையும் கொடுத்தது. சரிவில் நின்று கொழுந்து எடுப்பவருக்குத் தலைச்சுற்றல் என்றால் என்ன பொருள் என்பதை நகரத்து மருத்துவர்கள் சிலருக்கு நானே விளக்க வேண்டியிருந்தது. இப்போது டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை வந்தபின் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. 10 ஆண்டுக்கு முன் உடம்பு தாங்காமல் வேலையை விட்டவர்களில் சிலர் இப்போது முழு நாள் வேலைக்குத் தகுதியானவர்களே. அவர்களுக்குத் தேவை ஆடு அன்று, விட்ட வேலை.

11. நாலாம் லைன்

ஆட்டைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் சென்ற ஆண்டு 5 ஆட்டைச் சிறுத்தை தூக்கியது. வனத்துக்குள் மேய்க்க விடமாட்டார்கள், தோட்டத்துக்குள்ளும் விடமாட்டார்கள். தழை ஒடித்துக் கொண்டுவந்து போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் மகளாகத்தான் இருப்பாள், அவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

என்னைக் கேட்டால் நகையை மீட்டுக் கொடுங்கள் என்பேன். என் இரண்டு பவுன் செயின் தனியார் அடகுக் கடையில் 60,000 ரூபாய்க்கு இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்தால் 2021-இல் 5 பவுன் வரை அரசு தள்ளுபடி செய்தபோதே வீட்டுக்கு வந்திருக்கும். சங்கத்துக்குப் போனால் எதற்கு அடகு வைக்கிறாய் என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்று அப்போதும் கடைக்குத்தான் போனேன்.

12. கோத்தகிரிக் கணக்கர்

சகோதரியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,800, ஆண்டுக்கு 21,600 ரூபாய் வட்டியாகவே போகிறது. அதே நகையை மீட்டுக் கூட்டுறவு வங்கியில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்றே வைத்துக்கொண்டு மறு அடகு வைத்தாலும் 6,000 ரூபாய்தான் ஆகும். ஒரு சொட்டு வியர்வை கூடுதலாகச் சிந்தாமல் ஆண்டுக்கு 15,600 ரூபாய் வீட்டில் நிற்கும். மீட்பதற்கு எங்கள் பணம் ஒரு வாரத்துக்குத்தான் வேண்டும்; காலையில் கடையில் கட்டி நகையை எடுத்து, வங்கியில் வைத்து, வந்த பணத்தை எங்களிடம் கட்டிவிடலாம். 12 லட்சத்தை வைத்து 40 குடும்பம் என்ன, சுற்றிச் சுற்றி 100 குடும்பத்துக்கும் இதைச் செய்யலாம். 30,000 ரூபாய் ஆடு ஆண்டுக்கு 15,600 ரூபாய் நிகரமாகக் கொடுக்கும் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போடுவார்களா?

13. உதகை நேயர்

கணக்கு சரிதான், ஐயா. ஆனால் வட்டி குறைந்த மகிழ்ச்சியில் கூடுதலாக வாங்கிச் செலவழித்துவிட்டால்? வங்கியில் கிராமுக்குத் தரும் தொகை கடையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த ஆசை வரும். நான் பார்த்திருக்கிறேன்; சொல்லப்போனால் நானே செய்திருக்கிறேன்.

14. குன்னூர்க் குழு அக்கா

மிச்சமாகும் 1,300 ரூபாயில் மாதம் 1,000 ரூபாயைக் குழுச் சேமிப்பில் போடுவதாக ஒப்புக்கொள்பவருக்கு மட்டும் மீட்டுக் கொடுங்கள். அசலில் பாதி அடையும்வரை அந்தச் சேமிப்பைத் தொடக் கூடாது. தொட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். குழுவில் 12 பெண்கள் முன்னால் உட்கார்ந்து தொடுவது அவ்வளவு எளிதன்று.

15. மன்னவனூர்ப் பூண்டுக்காரர்

நகையே இல்லாத வீட்டுக்கு என்ன செய்வீர்கள்? எல்லாம் விற்றுத் தீர்ந்த வீடும் உங்கள் 40-இல் இருக்குமே.

16. கோத்தகிரிக் கணக்கர்

இருக்கிறார்கள், 7 குடும்பங்கள். அவர்களில் இருவர் கூடலூர்ப் பக்கம் '17-ஆம் பிரிவு நிலம்' என்று சொல்லப்படும் நிலத்தில் இருப்பவர்கள். பழைய நிலக்கிழார்களின் உரிமையை ஒழிக்க வந்த 1969-இன் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய அந்த நிலத்துக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாமல் பயிர்க்கடனும் கிடையாது. இந்த 7 பேருக்குக் கடன் என்ற பெயரில் எதையும் கொடுக்கக் கூடாது என்றே நன்கொடையாளருக்கு எழுதப் போகிறேன். 6 மாத அரிசி, பருப்பு, கொழுந்து ஏஜென்டின் அட்வான்ஸைத் தீர்க்க ஒரு தொகை, இவற்றைத் திரும்பக் கேட்காத உதவியாகவே கொடுக்க வேண்டும். அவர் ஒப்பவில்லை என்றால், அந்த 7 வீட்டுக்கு மட்டும் உள்ளூரில் கையேந்துவேன். தோட்டத் தொழிலாளர் வீடுகள் 9-க்கும் பி.எஃப். தாள்களைத் தேடும் வேலையை வரும் திங்கள் முதல் தொடங்குகிறோம்.

17. நாலாம் லைன்

தகரப் பெட்டியில் தாள்கள் கிடைத்துவிட்டன, ஐயா. 20 இருக்கிறது, 10டி இருக்கிறது. 5ஐஎஃப் இல்லை. இத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாமா என்று விசாரித்துச் சொல்லுங்கள். செக்ரோல் நகலுக்கு நானே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறேன். இந்த முறை மேஸ்திரி வழியாகக் கொடுக்கப் போவதில்லை.